இண்டிகேட்டர் லீவர் நிற்கவில்லை: காம்பினேஷன் ஸ்விட்ச் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 11 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் என் காரில் இண்டிகேட்டர் லீவர் சில வாரங்களாகத் தொல்லை கொடுக்கிறது. வலப்பக்கத்துக்காக லீவரைத் தள்ளினால் விளக்கு ஒழுங்காக மின்னுகிறது. ஆனால் விரலை எடுத்த கணமே லீவர் நடு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலால் லீவரைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் ஸ்டீயரிங்கைச் சுற்ற வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் தள்ளினால் லீவர் நிற்கிறது. ஆனால் திருப்பம் முடிந்து ஸ்டீயரிங் நேரான பிறகும் சில நேரங்களில் அது தானாக விழுவதில்லை. பின்னால் வருபவர் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது.

எல்லா பல்புகளும் எரிகின்றன. ஹசார்டு ஸ்விட்சை அழுத்தினால் அனைத்தும் ஒரே சீராக மின்னுகின்றன. ஹெட்லைட்டை டிம், பிரைட் மாற்றுவதும் இதே லீவர்தான். அதில் எந்தக் குறையும் இல்லை. ஒரு பணிமனையில் காட்டியபோது, லீவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஸ்டீயரிங்கைக் கழற்றி, இண்டிகேட்டர், வைப்பர் லீவர்கள் சேர்ந்த காம்பினேஷன் ஸ்விட்ச் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பல்பு, பேட்டரி, கதவுக் கைப்பிடி ஆகியவற்றை நானே மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் அனுபவம் இல்லை. ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருப்பதால் கை வைக்கவும் தயக்கமாக இருக்கிறது. லீவரை மட்டும் மாற்ற வழி உண்டா? இதை வீட்டிலேயே செய்யலாமா?

மறுமொழி 1

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது. இரண்டும் ஒரே லீவரில் தெரிவதால் ஒன்று போலத் தோன்றுகின்றன. எதையும் வாங்குவதற்கு முன்னால் இவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் மின்சாரப் பக்கத்தை ஒதுக்கிவிடலாம். ஹசார்டு சரியாக மின்னுகிறது என்றால் பல்பு, ஒயரிங், எர்த், மின்ன வைக்கும் ரிலே ஆகிய நான்கும் நலமாக இருக்கின்றன என்று பொருள். திசைகாட்டி விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதிமுறைகளில் உள்ள வரையறை. ஏதேனும் ஒரு பல்பு போயிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னும். உங்களுக்கு அதுவும் இல்லை. லீவரைக் கையால் பிடித்திருக்கும்போது விளக்கு ஒழுங்காக மின்னுவதால், ஸ்விட்சுக்குள் மின்சாரத்தை இணைக்கும் உலோகத் தொடுமுனையான கான்டாக்ட்டும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. எஞ்சியிருப்பது இயந்திரப் பகுதி மட்டுமே.

அந்த இயந்திரப் பகுதியில் நடப்பது இதுதான். லீவரின் அடிப்பகுதியில் ஒரு சிறிய ஸ்பிரிங்கும், அதன் நுனியில் ஒரு குண்டோ முளையோ இருக்கும். அது பிளாஸ்டிக்கில் வெட்டப்பட்ட மூன்று பள்ளங்களில் மாறி மாறி அமர்கிறது: நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. லீவரைத் தள்ளும்போது விரலுக்குத் தெரியும் அந்த 'டிக்' என்ற பிடிப்பு இதனால் வருவதே. ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கியதில் ஒரு பக்கப் பள்ளத்தின் விளிம்பு மழுங்கிவிட்டால், முளை அங்கே தங்காமல் வழுக்கி நடுவுக்கு வந்துவிடும். வலப்பக்கத்தில் நீங்கள் காண்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

லீவர் தானாக விழுவது வேறு ஏற்பாடு. ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையத்தில் சிறு பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; லீவரைத் தள்ளியவுடன் ஸ்விட்சுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாக்கு அந்தப் பற்களின் பாதைக்குள் எட்டிப் பார்க்கும். நீங்கள் திருப்பத்துக்குள் போகும்போது பல் நாக்கைத் தட்டி மடக்கிவிட்டுச் சும்மா கடந்துவிடும். ஸ்டீயரிங் திரும்பி வரும்போது அதே பல் நாக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளி, முளையைப் பள்ளத்திலிருந்து கிளப்பிவிடும். ஆகவே லீவர் விழாததற்கு நாக்கு காரணமாக இருக்கலாம், பல்லும் காரணமாக இருக்கலாம். நாக்கு ஸ்விட்சைச் சேர்ந்தது. பல் ஸ்டீயரிங் பக்கத்தைச் சேர்ந்தது. புது ஸ்விட்ச் வாங்கினால் நாக்குதான் புதிதாகும், பல் ஆகாது.

இதைக் கண்ணால் பார்ப்பது கடினமில்லை. ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் போதும். பெரும்பாலும் அடியிலிருந்து மூன்று ஸ்க்ரூக்கள் இருக்கும். சில வண்டிகளில் இரண்டு ஸ்க்ரூக்கள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இரு பக்கமும் திருப்பினால்தான் அவை முகம் காட்டும். உறையின் இரு பாதிகளும் கொக்கிகளால் பிணைந்திருப்பதால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். இந்த அளவுக்கு ஏர்பேக்கைத் தொட வேண்டிய தேவையே வராது. டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள்.

மறுமொழி 2

என் வண்டியிலும் லீவர் சரியாக வேலை செய்யாமல் இருந்தது. கான்டாக்ட் கிளீனரை இடுக்கில் அடித்து, லீவரை 20, 30 முறை ஆட்டிவிட்டேன், சரியாகிவிட்டது. செலவு செய்வதற்கு முன்னால் அதையும் முயன்று பாருங்கள்.

மறுமொழி 1 எழுதியவர்

மன்னிக்க வேண்டும், இவருடைய குறைக்கு அது பொருந்தாது. உங்கள் வண்டியில் விளக்கு விட்டு விட்டு எரிந்திருக்கும்; அது கான்டாக்ட்டில் படிந்த கரியினாலோ துருவினாலோ வருவது. பழைய வண்டிகளில் பல்புகளின் மின்னோட்டம் முழுவதும் லீவர் ஸ்விட்ச் வழியாகவே போகும். முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கத்தில் 5 வாட் என்று கூட்டினால் 47 வாட்; 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 4 ஆம்பியர். ஒவ்வொரு முறை தொடும்போதும் விலகும்போதும் பொறி பறந்து கான்டாக்ட் கருகும். புதிய வண்டிகளில் லீவர் ஒரு சிறு சமிக்ஞையை மட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறது, பல்பை எரிய வைப்பது அந்தப் பெட்டியே. அங்கே கருகல் குறைவு, ஆனால் மின்னோட்டம் மிகச் சிறியதாக இருப்பதால் லேசான அழுக்குப் படலமே அதைத் தடுத்துவிடும். இரண்டிலும் கிளீனர் பயன்படக்கூடும் என்பது உண்மைதான். மழுங்கிய பிளாஸ்டிக்கை மட்டும் எந்தக் கிளீனராலும் வளர்க்க முடியாது. மேலும், பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லாதது என்று புட்டியில் எழுதப்படாத எதையும் அங்கே அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

மறுமொழி 3

ஸ்டீயரிங்கைக் கழற்ற நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன்.

ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் போகும் மின்சாரம் சுற்றும் ஸ்டீயரிங்கை எப்படிச் சென்றடைகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஸ்டீயரிங்குக்கும் காம்பினேஷன் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு வட்டப் பெட்டி இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். அதற்குள் தட்டையான நாடா போன்ற கேபிள் சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுதாகச் சுற்றும்போது அது இறுகும், மறுபக்கம் சுற்றும்போது தளரும். நடு நிலையிலிருந்து இரு பக்கமும் தேவையான அளவு, அதற்கு மேல் கொஞ்சம் என்று அளந்து வைத்த நீளம் அது. நான் ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஸ்விட்சை மாற்றி, கிளாக் ஸ்பிரிங்கைத் திரும்பப் பொருத்தும்போது அது கையில் எத்தனை சுற்று சுற்றியது என்று கவனிக்கவில்லை. பூட்டியதும் எல்லாம் வேலை செய்தன. இரண்டு நாள் கழித்து, வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்தபோது 'பட்' என்று ஒரு சத்தம். ஹாரன் போயிற்று, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நாடா அறுந்துவிட்டது. அதாவது அந்த இரண்டு வினாடிக் கவனக்குறைவினால், விபத்து நேர்ந்தால் விரியாத ஏர்பேக்கோடு ஓடும் வண்டியாக அதை ஆக்கியிருந்தேன்.

ஆகவே ஸ்டீயரிங்கைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், சக்கரங்களை நேராக வைத்துவிட்டே தொடங்குங்கள். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, உங்கள் வண்டியின் பணிமனைக் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள கபாசிட்டரில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். அந்த நேரம் வண்டிக்கு வண்டி மாறுவதால், ஒருவர் ஒரு நிமிடம் என்றும் மற்றவர் பத்து நிமிடம் என்றும் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். பல வண்டிகளில் ஏர்பேக் கனெக்டர்களுக்கும் ஒயர்களுக்கும் மஞ்சள் நிறம் கொடுத்திருப்பார்கள். மஞ்சள் நிறத்தில் எதைக் கண்டாலும் அதில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். மல்டிமீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதுமானதாக ஆகிவிடக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை, நாம் ஓட்டும்போது பார்க்கும் முகப்பு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது விரிந்தால் பொருளே ராக்கெட்டாகக் கிளம்பும்.

ஸ்டீயரிங் நட்டைத் தளர்த்தியவுடன் முழுவதும் எடுத்துவிடாமல் இரண்டு மூன்று மரை பிடித்திருக்கும்படி விட்டுவிட்டு இழுங்கள். இறுகிய ஸ்டீயரிங் திடீரென்று விடுபட்டு முகத்தில் மோதாமல் அந்த நட்டு தடுக்கும். தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்வதும், கிளாக் ஸ்பிரிங்கைச் சுழலாமல் டேப் ஒட்டிவிடுவதும் ஒரு நிமிட வேலைகள். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். நான் பயந்தது போல் இல்லை: இண்டிகேட்டர் லீவர் தனிப் பெட்டியாகவும், வைப்பர் லீவர் இன்னொரு தனிப் பெட்டியாகவும், இரண்டும் நடுவில் இருக்கும் ஒரு சட்டத்துக்குள் பக்கவாட்டில் செருகப்பட்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. கிளாக் ஸ்பிரிங் அவற்றுக்கு முன்னால், தனியாக இருக்கிறது.

லீவரை வலப்பக்கம் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். இடப்பக்கம் கிடைக்கும் 'டிக்' வலப்பக்கம் கிடைக்கவே இல்லை. வெண்ணெயில் விரல் வைத்தது போல் போகிறது, அப்படியே திரும்பி வருகிறது. ஸ்விட்சுக்கு அடியில் இருந்த தட்டில் வெள்ளை பிளாஸ்டிக் தூள் கொஞ்சம் படிந்திருந்தது. நாக்கு இரு பக்கமும் வெளியே வந்து போகிறது. அப்படியானால் ஸ்டீயரிங்கைக் கழற்றாமலேயே இதை மாற்றலாம் அல்லவா?

மறுமொழி 4

மாற்றலாம். பல ஜப்பானிய வடிவமைப்புகளில் இப்படித்தான் பக்கவாட்டில் உருவி எடுக்கும்படி வைத்திருப்பார்கள். முழு ஸ்விட்சையும் மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது; லீவர்கள் இரண்டும் ஒரே வார்ப்பாக வரும் வண்டிகளும் உண்டு, அவற்றில் வேறு வழி இல்லை. ஆனால் உறையைக் கழற்றிப் பார்க்காமல் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பொருள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வண்டியின் மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில், ஒரே ஆண்டில், முன்பக்க ஃபாக் விளக்கு உள்ள வண்டிக்கு ஒரு லீவரும், இல்லாததற்கு ஒரு லீவரும், ஹெட்லைட் தானாக எரியும் வண்டிக்கு இன்னொன்றும் இருக்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். கனெக்டரில் உள்ள பின்களின் எண்ணிக்கையிலும் உள் இணைப்பிலும்தான் வேறுபாடு. பழைய ஸ்விட்சை முதலில் உருவி எடுத்து, அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு, அதையோ வண்டியின் சேசிஸ் எண்ணையோ கொடுத்து வாங்குங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்விட்சை வாங்க நினைத்தால், உங்களுடையதைப் போலவே அதுவும் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். கையில் வாங்கி இரு பக்கமும் தள்ளி அந்த 'டிக்'கைக் கேட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

கழற்றும்போது இக்னிஷன் அணைந்திருக்கட்டும், பேட்டரி நெகட்டிவையும் எடுத்துவிடுங்கள். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டு நாக்கை அழுத்தி உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். காந்த முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நல்லது. அந்த ஸ்க்ரூ நழுவி டேஷ்போர்டுக்குள் விழுந்தால் அரை நாள் போய்விடும்.

கேட்டவர்

இன்று மாற்றிவிட்டேன். உறையைக் கழற்றிப் பூட்டியதையும் சேர்த்து 40 நிமிடம் ஆயிற்று. அதில் பாதி நேரம் கனெக்டரின் பூட்டு நாக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. (மேல் பக்கம். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும், கண்ணால் தெரியாது.) பழைய ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தேன். திறக்கும்போதே ஸ்பிரிங் துள்ளி இருக்கைக்கு அடியில் போய்விட்டது. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். மூன்று பள்ளங்களில் வலப்பக்கத்தின் விளிம்பு சரிவாகத் தேய்ந்து, நகத்தால் தடவினால் தடையே தெரியாத அளவுக்கு மழுங்கியிருந்தது. முதல் மறுமொழியில் சொன்னபடியே.

வலப்பக்கம் இப்போது லீவர் நிற்கிறது, திருப்பம் முடிந்ததும் விழுகிறது. ஆனால் இடப்பக்கத்தில் பழைய குறை அப்படியே இருக்கிறது. கவனித்துப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது: ஸ்டீயரிங்கை முழுதாகச் சுற்றும் பெரிய இடது திருப்பங்களில் லீவர் விழுந்துவிடுகிறது, கால் சுற்று, அரைச் சுற்று அளவுள்ள திருப்பங்களில் விழுவதில்லை. புது ஸ்விட்சும் குறையுள்ளதாக இருக்குமோ?

மறுமொழி 1 எழுதியவர்

இல்லை. பெரிய திருப்பத்தில் விழுகிறது என்ற ஒரு செய்தியே விடையைச் சொல்லிவிடுகிறது. புது ஸ்விட்சைத் திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள்.

சுற்றும் வளையத்தில் பற்கள் இருக்கும் என்று எழுதியிருந்தேன். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது அவை நாக்குக்கு இரு புறமும் சற்றுத் தள்ளி நிற்கும். சாதாரண இடது திருப்பத்தில் ஒரு பல் நாக்கைக் கடந்து போய், திரும்பி வரும்போது தட்டிவிடுகிறது. வலது திருப்பத்தில் அந்த வேலையை மற்றப் பல் செய்கிறது. இடது திருப்பத்துக்குரிய பல் உடைந்திருந்தால் சிறு திருப்பங்களில் நாக்கைத் தட்ட ஆள் இல்லை. ஸ்டீயரிங்கை நிறையச் சுற்றினால் மட்டும் மறுபக்கத்துப் பல் சுற்றி வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நாக்கில் குறை இருந்தால் சிறிய திருப்பம், பெரிய திருப்பம் என்ற வேறுபாடு இப்படித் தெளிவாகத் தெரியாது.

உங்கள் வண்டியில் அந்தப் பற்கள் எங்கே இருக்கின்றன என்று உறையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் அடியில் தனி வளையமாக இருக்கலாம். கிளாக் ஸ்பிரிங்கின் பின்புறத்திலேயே வார்க்கப்பட்டும் இருக்கலாம். இரண்டாவது என்றால் கிளாக் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், ஸ்டீயரிங்கையும் கழற்றியாக வேண்டும்.

மறுமொழி 3 எழுதியவர்

அப்படி நேர்ந்தால் அந்த வேலையை மட்டும் ஏர்பேக் பழகிய கைகளில் ஒப்படைத்துவிடுங்கள் என்பது என் கருத்து. புது கிளாக் ஸ்பிரிங் நடு நிலையில் பூட்டப்பட்டு, ஒரு ஊசியோ டேப்போ போட்டுத்தான் வரும். ஸ்டீயரிங்கைப் பொருத்தத் தயாராகும் வரை அதை எடுக்கக் கூடாது. உங்கள் வண்டியில் சறுக்கல் தடுப்பு வசதி இருந்தால், ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சாரும் அதே இடத்தில் இருக்கக்கூடும்; அதற்கு வேலை முடிந்ததும் ஸ்கேனர் கருவியால் நேர்நிலையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். வீட்டில் இருக்கும் கருவிகளால் அது ஆகாது.

கேட்டவர்

பற்கள் கிளாக் ஸ்பிரிங்கின் பின்புறத்தில்தான் இருந்தன. ஒன்று முழுதாக இருந்தது. மற்றது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு முறிவுத் தழும்பு மட்டும். முறிந்த துண்டு அரிசி மணி அளவில், கீழ் உறையின் மூலையில் கிரீஸில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. முதல் முறை உறையைக் கழற்றியபோதே அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ குப்பை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுமொழி 3 சொன்னபடி அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு அருகில் நின்று பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிய பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததைக் கண்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பூட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை மெதுவாகத் திருப்பி, ஹாரனை அடித்து, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்து, சென்சாரின் நேர்நிலையையும் பதிவு செய்து கொடுத்தார்.

இப்போது கால் சுற்றுக்கும் லீவர் விழுகிறது, இரு பக்கமும். பழைய பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் என் விரல் இன்னும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அது விழப் பார்த்து என் விரலில் முட்டுகிறது. இப்படிப் பிடித்துக்கொண்டிருப்பதால் புது நாக்குக்கு ஏதேனும் கேடு வருமா?

மறுமொழி 1 எழுதியவர்

அடிக்கடி செய்தால் வரும். லீவர் அசைய முடியாமல் இருக்கும்போது பல் வந்து தள்ளினால் நாக்கு மடங்கி வழிவிடும்படிதான் அமைத்திருப்பார்கள். ஆனாலும் மோதலின் விசையை நாக்கும் பல்லும்தான் தாங்க வேண்டும். விரலை எடுத்துவிடுங்கள்.